மூன்றாம் பருவம் தொடங்குது: நம்ம பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா?

இம்மாதப் பாடம்: பனிக்காலமும் தொடக்கப் பள்ளியும்

(குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் வசூலும் முடிந்தபின் ஊக்குநர் இதை உரக்க வாசிக்கவும். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.)



மழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். இந்தப் பனியோடு சேர்ந்துதான் நம் பிள்ளைகளின் மூன்றாம் பருவமும் வருகிறது. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும். புதுப் புத்தகம் கொடுப்பார்கள். நடுவில் பொங்கல் விடுமுறை, அப்புறம் குடியரசு தினம், பிப்ரவரியில் குடற்புழு மாத்திரை. கண்மூடித் திறப்பதற்குள் ஏப்ரல் வந்து ஆண்டு முடிந்துவிடும்.

"பள்ளிக்கூடத்து விசயமெல்லாம் டீச்சரு பாத்துக்குவாங்க, நமக்கென்ன?" என்று நாம் இருந்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருப்பது சில மணி நேரம். மீதி நேரம் நம்மிடம்தான் இருக்கிறது. இந்த நாலு மாதத்தில் ஒரு தாய் தெரிந்துகொள்ள வேண்டியதையும், ஒரு குழு செய்ய வேண்டியதையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. மழை போனபின் கட்டடத்தைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அந்த மூன்று மாதமும் ஊறிய சுவர், மழை நின்றபிறகுதான் வெடிப்பு விடும். "மழையிலேயே விழாத சுவரு வெயில்லயா விழப்போவுது?" என்று நினைப்பது தப்பு. ஈரம் காயும்போது மண் சுருங்கும், காரை உதிரும், உள்ளே இருக்கிற கம்பி துருவேறி வெளியே தெரியும்.

2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். நாடே அழுதது. 2021 டிசம்பர் 17-ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 3-ஆம் தேதி விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்.கே.ஜி. படித்த சிறுமி இறந்தாள். இந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் நம்மைப் போல காலையில் தலைவாரி அனுப்பியவர்கள்தான்.

ஆகவே பள்ளி திறக்கும் வாரத்தில் குழுவில் மூன்று பேர் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பள்ளியை ஒருமுறை சுற்றி வாருங்கள். பார்க்க வேண்டியவை:

* மேற்கூரையில் கம்பி தெரிகிறதா? நீர் கசிந்த கறை இருக்கிறதா?
* சுவர் வயிறு தள்ளினாற்போல் புடைத்திருக்கிறதா? சுற்றுச்சுவர் சாய்ந்திருக்கிறதா?
* சுவிட்சுப் பெட்டி பக்கத்தில் ஈரம் இருக்கிறதா? ஒயர் அறுந்து தொங்குகிறதா?
* கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, கிணறு இவற்றுக்குக் கெட்டியான மூடி இருக்கிறதா?
* வளாகத்தில் புதர் மண்டியிருக்கிறதா? மழைக்குப் பின் பாம்பு தங்குகிற இடம் அதுதான்.

குறை இருந்தால் வாயால் சொல்வதோடு விடாதீர்கள். மனு எழுதுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும், நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. இன்னொரு வழியும் உண்டு. ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபை கூடும். பள்ளிக் கட்டடத்தைப் பற்றி அங்கே பேசி, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எழுத்தில் ஏறாத பேச்சு காற்றோடு போய்விடும் என்பது குழு நடத்துகிற நமக்குத் தெரியாததா?

2. பள்ளி மேலாண்மைக் குழு நம்முடையது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு வயது முதல் பதினாலு வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகக் கல்வி தர வேண்டியது அரசின் கடமை என்று அது சொல்கிறது. அதே சட்டம், அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள்.

பல ஊரில் என்ன நடக்கிறது? பெயர் இருக்கும், ஆள் போவதில்லை. "கையெழுத்து வாங்க ஆள் வருவாங்க, போட்டு அனுப்புவோம்" என்று இருப்பவர்களும் உண்டு. நம் சேமிப்புக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி தூங்காமல் கூட்டிப் பார்க்கிறோம். படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோக வேண்டும். உங்கள் குழுவில் யார் யார் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறார்கள் என்று இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தெரிந்துகொண்டு, கேட்க வேண்டியதை முன்கூட்டியே அவர்கள் கையில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

3. பனிக்கால உடம்பு

காய்ச்சல்: மழை விட்டாலும் கொசு விடுவதில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருநாள் குடம், தொட்டி, ஆட்டுக்கல், டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். வீட்டில் செய்வதைப் பள்ளிக்கூடத்திலும் செய்யச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு விடாத காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்றவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். முக்கியமான ஒன்று: டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். "சூடு விட்டுச்சு, பள்ளிக்கூடம் போவட்டும்" என்று அனுப்பிவிடாதீர்கள். கடுமையான வயிற்று வலி, அடிக்கடி வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து படுத்துவிடுவது, இதில் ஒன்று கண்டாலும் உடனே 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இருமல், சளி: சளிக்குக் கஷாயம் கொடுப்பது நம் வழக்கம், கொடுக்கலாம். ஆனால் பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ அது வெறும் சளி இல்லை, நிமோனியாவாக இருக்கலாம். கஷாயத்தை நம்பி ஒரு ராத்திரிகூடக் காத்திருக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு: தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி அனுப்புங்கள். பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. அதோடு கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றபின்னும் விடாமல் 14 நாள் கொடுக்க வேண்டும்.

குடற்புழு மாத்திரை: தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று ஆண்டுக்கு இரண்டு முறை. சில வருடம் தேதி முன்பின் மாறும், பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையைப் பிள்ளை நன்றாக மென்று விழுங்க வேண்டும். அங்கன்வாடியில் ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி மாத்திரை. வயிற்றில் புழு இருந்தால் நாம் போடுகிற சோறு பிள்ளைக்குச் சேராது, ரத்தம் குறையும், வகுப்பில் தூங்கி வழியும். "மாத்திரை சாப்பிட்டா மயக்கம் வருமாம்" என்று பயந்து அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். காய்ச்சலாக இருந்தால் மட்டும் சொல்லிவிட்டு, குணமான பிறகு கொடுக்கச் சொல்லலாம்.

4. காலைச் சாப்பாடு

குளிர் காலையில் பிள்ளை எழுந்திருக்க அடம் பிடிக்கும். நாமும் "இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்" என்று விடுவோம். அப்புறம் அவசரமாகக் குளிப்பாட்டி, ஒரு டீயும் ரெண்டு பன்னும் கொடுத்து அனுப்புவோம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. கிராமப் பள்ளிகளில் சமைக்கிற பொறுப்பு யாரிடம் தரப்பட்டது? நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களிடம்தான். விடியும் முன் எழுந்து, பனியில் நடந்து போய், அடுப்பு மூட்டிப் பொங்கலோ உப்புமாவோ செய்து வைக்கிறார்கள். பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள். பத்து நிமிடம் தாமதமாக வருகிற பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகும். ஆகவே பனிக்காலத்தில் கால் மணி நேரம் முன்னால் எழுப்பும் வேலையை நாம் செய்தே ஆக வேண்டும். மதிய முட்டையையும் "பிடிக்கல" என்று வைத்துவிட்டு வருகிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

சமைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: மழைக்காலத்தில் வந்த ரவை, சேமியா, பருப்பில் பூஞ்சை வாடை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பரிமாறும் முன் ருசி பார்ப்பதை ஒருநாளும் விடாதீர்கள்.

5. படிப்பு: நாம் கேட்க வேண்டிய நாலு கேள்வி

"எனக்கே எழுத்து தெரியாது, நான் போய் டீச்சருகிட்ட என்னத்தக் கேக்குறது?" என்று சில அம்மாக்கள் தயங்குகிறார்கள். கையெழுத்துப் போடவே தெரியாமல் குழுவில் சேர்ந்து, இன்று வங்கி மேலாளர் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! டீச்சரிடம் பேசவா பயம்?

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் கற்ற நிலையை வைத்துப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆகவே இப்படிக் கேளுங்கள்:

* என் பிள்ளை இப்போது அரும்பிலா, மொட்டிலா, மலரிலா? ஜூன் மாதம் எதில் இருந்தது?
* தன் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தானாக வாசிக்கிறதா?
* கூட்டல், கழித்தலில் எது வரவில்லை?
* இந்தப் பருவத்தில் எத்தனை நாள் வரவில்லை?

வீட்டில் எழுத்து தெரியாத அம்மாவும் செய்யக்கூடியது இருக்கிறது. ராத்திரி அடுப்பு வேலை செய்யும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கி நிற்கிற இடத்தில் உங்களுக்கே தெரியும். அந்த வார்த்தையில் ஒரு கோடு போடச் சொல்லி, மறுநாள் டீச்சரிடம் காட்டச் சொல்லுங்கள். சந்தைக்குப் போனால் சில்லறையைப் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள்.

6. பொங்கலுக்குப் பிறகு காணாமல் போகும் பிள்ளைகள்

இந்தப் பாடத்தில் இதுதான் முக்கியம். பொங்கல் முடிந்ததும் நம் வட மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறார்கள். கூடவே பிள்ளையும் போகிறது. மூன்று பருவத்தில் ஒரு பருவம் முழுசாகப் போய்விடும். ஜூனில் திரும்பி வரும்போது கூடப் படித்தவர்கள் முன்னால் போயிருப்பார்கள். பிள்ளைக்கு வெட்கம். இரண்டு வருடம் இப்படிப் போனால் மூன்றாம் வருடம் பள்ளிக்கூடப் பக்கமே தலை வைக்காது.

ஒரு குழுக் கூட்டத்தில் இப்படிப் பேச்சு வந்ததாக வைத்துக்கொள்வோம்:

உறுப்பினர்: நானும் எங்க வீட்டுக்காரரும் சூளைக்குப் போறோம்மா. முன்பணம் இருபதாயிரம் வாங்கியாச்சுன்னா கெளம்பிடுவோம்.

ஊக்குநர்: பொண்ணு மூணாவது படிக்குதேக்கா, அது?

உறுப்பினர்: அதை எங்க விட்டுட்டுப் போறது? கூடவே வரட்டும். கல்லு புரட்டிப் போடும், தம்பியப் பாத்துக்கும்.

ஊக்குநர்: முன்பணம் எதுக்குக்கா? அவசரச் செலவா?

உறுப்பினர்: மழையில வீட்டுச் சுவரு போச்சு. அதக் கட்டணும். வேற யாரு குடுப்பா?

ஊக்குநர்: குழுவைக் கேட்டீங்களா?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நம் வேலை இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். ரூ.20,000 குழுவில் உள்கடன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மாதம் ரூ.2,000 அசல் கட்டினால் பத்து மாதத்தில் தீரும். முதல் மாத வட்டி ரூ.200, அடுத்த மாதம் ரூ.180, இப்படிக் குறைந்துகொண்டே போய்க் கடைசி மாதம் ரூ.20. மொத்த வட்டி ரூ.1,100 மட்டுமே. சூளை முன்பணத்துக்கு வட்டி என்று எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைக் கழிக்க முழுக் குடும்பமும் அங்கே நிற்க வேண்டும், கணக்கு அவர்கள் நோட்டில் இருக்கும், அந்தப் பெண் படிப்பும் அதில் கழியும். முன்பணத்தைக் காட்டி ஊருக்குப் போகவிடாமல் ஆளை நிறுத்தினால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்துவிட்டது.

குழுக் கடன் எல்லாருக்கும் தீர்வாகாது. ஊரில் வேலை இல்லாமல் போகிறவர்களைப் "போகாதே" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அப்படிப் போகிறவர்களுக்கு மூன்று வழி உண்டு:

ஒன்று, பாட்டி தாத்தாவிடமோ சொந்தக்காரரிடமோ பிள்ளையை விட்டுச் செல்வது. பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். வயதானவர்களுக்கு அந்த ஓட்டம் முடியாது.

இரண்டு, அரசு மாணவர் விடுதியில் சேர்ப்பது. எந்த விடுதியில் எந்த வகுப்பு முதல் சேர்க்கிறார்கள், இடம் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் டிசம்பரிலேயே விசாரிக்க வேண்டும்.

மூன்று, போகிற ஊரில் உள்ள அரசுப் பள்ளியில் சேர்ப்பது. இதற்குச் சட்டம் முழுத் துணை. மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமானது, வயதுச் சான்று இல்லை, ஆண்டு நடுவில் வந்தீர்கள் என்ற எந்தக் காரணத்தைச் சொல்லியும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். கிளம்பும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி, ஆதார் நகல், குடும்ப அட்டை நகலோடு பத்திரமாக எடுத்துப் போங்கள். மறுத்தால் 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

"கல்லு புரட்டுறது ஒரு வேலையா, விளையாட்டுதானே" என்று சொல்வார்கள். இல்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது முடியாத பிள்ளையைச் சூளையில் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. வைத்தால் 1098-க்குச் சொல்லலாம். சொன்னவர் பெயர் வெளியே வராது.

குழுவில் கலந்து பேச:

1. பொங்கலுக்குப் பின் நம் குழுவில் எந்தெந்தக் குடும்பம் வெளியூர் வேலைக்குப் போகிறது? அவர்கள் பிள்ளைகள் எத்தனை பேர்? எந்த வகுப்பு?
2. அதில் முன்பணத்துக்காகப் போகிறவர்கள் யார்? அவர்களுக்கு உள்கடனில் முன்னுரிமை தர முடியுமா?
3. போகிற பிள்ளைகளில் யாரை ஊரிலேயே நிறுத்தலாம்? பார்த்துக்கொள்ளும் உறுப்பினர் யார்?
4. பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துவர யார் மூன்று பேர்? கிராம சபையில் யார் பேசுவது?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுதுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுத வேண்டாம். யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்வார் என்று எழுதுங்கள். பிப்ரவரிக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பி வாசித்து, எத்தனை பிள்ளை பள்ளியில் இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு உங்கள் பிரதிநிதி மூலம் சொல்லி அனுப்புங்கள்.

குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்:
ஆம்புலன்ஸ் 108
மருத்துவ ஆலோசனை 104
குழந்தைகள் உதவி எண் 1098
பள்ளிக் கல்வி உதவி எண் 14417
மாவட்ட ஆட்சியரகப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077